இராக் போர்: "வேண்டாம்" என்றவர்களும் "சரியாக நடத்தவில்லை" என்றவர்களும் ஒரே கட்சியா?

பழையபேப்பர்

அமெரிக்க லிபரல்கள், அதாவது ஜனநாயகக் கட்சிப் பக்கம் நிற்பவர்கள், இராக் போரை எதிர்த்தார்கள் என்று நாம் ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். கணக்கைப் பார்த்தால் அப்படி இல்லை. 2002 அக்டோபரில் புஷ்ஷுக்குப் போர் அதிகாரம் தரும் தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் 296க்கு 133, செனட்டில் 77க்கு 23 என்று நிறைவேறியது. அதில் ஜனநாயகக் கட்சிக்காரர்களை மட்டும் எண்ணினால் பிரதிநிதிகள் சபையில் 126 பேர் எதிர்ப்பு, 81 பேர் ஆதரவு. செனட்டில் தலைகீழ்: 29 பேர் ஆதரவு, 21 பேர் எதிர்ப்பு. ஹிலரி, கெர்ரி, பைடன், எட்வர்ட்ஸ், லீபர்மன், டாட் எல்லோரும் அந்த 29 பேரில்தான். என்றைக்காவது ஒருநாள் ஜனாதிபதி ஆகிவிடலாம் என்று கனவு கண்ட ஆட்களில் பெரும்பாலோர் அதில்தான் என்று சொல்லலாம்.

அப்புறம் 2003 கோடையில் நிலைமை கெட்டதும் பேச்சு மாறியது. படை போதவில்லை, வண்டிகளுக்குக் கவசம் இல்லை, பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் யார் சொல்லையும் கேட்கமாட்டார், பாக்தாத் விழுந்த மறுநாள் என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை. இதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. ஆனால் இதையே திரும்பத் திரும்பச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? திறமைசாலி கையில் கொடுத்திருந்தால் இது நல்ல போராக இருந்திருக்கும் என்றுதானே? ஆதரவு ஓட்டுப் போட்டவர்கள் "நான் கொடுத்த அதிகாரம் சரிதான், வாங்கினவன்தான் சொதப்பிவிட்டான்" என்று நழுவிக்கொள்ள இது வசதியாகப் போயிற்று. என்னைக் கேட்டால் ரம்ஸ்ஃபெல்டின் திறமையின்மை அந்த 29 பேருக்குக் கிடைத்த வரப்பிரசாதம்.

சுந்தர்_எடிசன்

சார், உட்கார்ந்த இடத்தில் இருந்து இப்படிப் பேசுவது சுலபம். போர் சரியா தப்பா என்று நீங்கள் பத்து வருஷம் விவாதிக்கலாம், அதற்குள் அங்கே போய்விட்டவன் செத்துவிடுவானே. 2004 டிசம்பர் 8, குவைத்தில் ஒரு முகாமில் ரம்ஸ்ஃபெல்ட் சிப்பாய்கள் முன்னால் நிற்கிறார். டென்னஸி தேசியக் காவல் படைச் சிப்பாய் ஒருவர் எழுந்து, எங்கள் வண்டிகளுக்குக் கவசம் போட நாங்கள் ஏன் குப்பைமேட்டைக் கிளறிப் பழைய இரும்பும் உடைந்த குண்டு துளைக்காத கண்ணாடியும் பொறுக்க வேண்டியிருக்கிறது என்று கேட்டார். கூட்டமே கைதட்டியது. அதற்கு அமைச்சர் சொன்ன பதில்: இருக்கிற ராணுவத்தோடுதான் போருக்குப் போக முடியும், இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற ராணுவத்தோடு அல்ல.

ஜப்பான்காரன் பேர்ல் துறைமுகத்தில் குண்டு போட்டுவிட்டான், வேறு வழியில்லை என்றால் இந்தப் பதில் சரி. இராக் மீது போகும் தேதியை நாளும் கிழமையும் பார்த்துக் குறித்தது இவர்கள். தள்ளிப்போட எத்தனை மாதம் வேண்டுமானாலும் இருந்தது. லிபரல்கள் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்ததில் என்ன தப்பு?

எதிர்க்கடை

அந்தக் கேள்வியையே கூட இருந்த பத்திரிகை நிருபர் சொல்லிக்கொடுத்தார் என்று அப்போதே வெளியே வந்துவிட்டது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள் சுந்தர்.

சுந்தர்_எடிசன்

கேள்வியை நிருபர் சொல்லிக்கொடுத்தார், சரி. கைதட்டினதும் நிருபரா?

கில்லீன்வாசி

நான் பெரும்பாலும் படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. 2003 முதல் 2008 வரை டெக்சஸில் கில்லீன் ஊரில், ஃபோர்ட் ஹூட் ராணுவத் தளத்துக்குப் போகிற சாலையில் ஒரு பெட்ரோல் பங்க் கடையில் கல்லாவில் இருந்தேன். நாலாவது காலாட்படை டிவிஷன் அங்கேதான் இருந்தது, முதல் கேவல்ரி டிவிஷனும் அங்கேதான். ஒன்று இராக் போனால் இன்னொன்று ஊரில் இருக்கும். எது போயிருக்கிறது என்று எங்கள் வியாபாரத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஒரு டிவிஷன் கிளம்பும் வாரத்தில் ஈரத் துடைப்பான், பேட்டரி, போன் கார்டு மூன்றும் அலமாரியில் நிற்காது. அவர்கள் போனபிறகு பீர் ஓடாது.

கவசம் பற்றிய பேச்சு அங்கே அரசியலாகவே இல்லை சுந்தர் அண்ணே. நெஞ்சுக் கவசத்துக்குள் செருகுகிற பீங்கான் தகடு இருக்கிறதல்லவா, அது எல்லோருக்கும் கிடைக்கவில்லை என்று 2003 கடைசியில் ஒரு அம்மா தன் மகனுக்கு வாங்கி அனுப்ப எங்கள் கல்லா பக்கத்தில் ஒரு ஊறுகாய் ஜாடி வைத்துக் காசு சேர்த்தார். அந்த அம்மாவின் காரில் படைக்கு ஆதரவு என்று காட்டும் மஞ்சள் ரிப்பன் காந்தம் ஒட்டியிருக்கும், புஷ் ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கும். ஜாடியில் போட்டவர்களில் பாதிப்பேர் புஷ் ஆட்கள்தான்.

இன்னொன்று. எங்கள் கடை காலண்டரை வாங்கிப் போன ஒரு சார்ஜன்ட் மனைவி, கணவர் கிளம்பிய நாளிலிருந்து ஒவ்வொரு கட்டமாக அடித்துக்கொண்டே வருவதாகச் சொல்வார். 12 மாதம் என்றுதான் கணக்கு. 2007 ஏப்ரலில் ரம்ஸ்ஃபெல்டுக்கு அடுத்து வந்த பாதுகாப்பு அமைச்சர் கேட்ஸ் அதை 15 மாதம் ஆக்கினார். செய்தி வந்த மறுநாள் காலை கடைக்கு வந்து, அடுத்த வருஷக் காலண்டர் வந்துவிட்டதா என்று கேட்டார். ஏப்ரல் மாதத்தில் எங்கே வரும்? நவம்பரில் வாருங்கள் என்றேன்.

பழையபேப்பர்

கில்லீன்வாசி, எழுதியதற்கு நன்றி. அந்த ஜாடியைத் தப்பு என்று யார் சொல்லுவார்? கோபம் நியாயம். அந்தக் கோபத்தை வாஷிங்டனில் யார் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதுதான் என் கேள்வி.

ஷின்செகியை எடுங்கள். ராணுவத் தலைமைத் தளபதி. 2003 பிப்ரவரி 25, செனட் கமிட்டியில் செனட்டர் லெவின் கேட்கிறார், ஆக்கிரமிப்புக்கு எத்தனை பேர் வேண்டும் என்று. பல லட்சம் பேர் வேண்டியிருக்கும் என்கிறார் இவர். இரண்டே நாளில் ரம்ஸ்ஃபெல்டின் துணை அமைச்சர் உல்ஃபோவிட்ஸ், இது எங்கேயோ போகிற கணக்கு, தவறு என்று பகிரங்கமாக அடித்தார். அப்புறம் ஷின்செகி லிபரல்களின் ஹீரோ ஆகிவிட்டார், ஒபாமா அவரை முன்னாள் படைவீரர் துறைக்கு அமைச்சராக்கினார். எனக்கும் அவர்மேல் மரியாதை உண்டு, கேட்ட கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னார். ஆனால் அவர் போர் வேண்டாம் என்று சொல்லவில்லையே! அப்போது அமெரிக்காவின் முழுநேரத் தரைப்படை மொத்தமே ஐந்து லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. அதில் பல லட்சம் பேரை எத்தனை வருஷம் அங்கேயே நிறுத்தி வைப்பது? கட்டாய ராணுவச் சேவை 1973இலேயே முடிந்துவிட்டது. கேவல்ரி போனால் காலாட்படை வரும், காலாட்படை போனால் கேவல்ரி வரும் என்று நீங்கள் கல்லாவில் இருந்து பார்த்ததே அதனால்தான்.

அதனால் "படை போதவில்லை" என்று பேசிய ஒவ்வொரு லிபரல் தலைவரும் அடுத்த வரியில் இரண்டில் ஒன்றைச் சொல்லியிருக்க வேண்டும். ஒன்று, கட்டாயச் சேவையைக் கொண்டுவா. இல்லை, படை இல்லாத நாம் ஏன் போனோம். இரண்டையும் சொல்லாமல் ரம்ஸ்ஃபெல்டைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

வெட்டிப்பேச்சு

ஒருத்தர் கொண்டுவந்தாரே கட்டாயச் சேவையை! பிரதிநிதிகள் சபையில் இருந்த நியூயார்க் சார்லஸ் ரேங்கல், கொரியப் போரில் சண்டை போட்டவர். பணக்காரன் பிள்ளையும் போகட்டும், அப்போது எத்தனை பேர் கை தூக்குகிறார்கள் பார்ப்போம் என்று 2003 ஜனவரியில் மசோதா கொடுத்தார். 2004 அக்டோபரில், தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, குடியரசுக் கட்சிக்காரர்கள் திடீரென்று அதை ஓட்டுக்கு விட்டார்கள். 402க்கு 2 என்று தோற்றது. ரேங்கலே தன் மசோதாவுக்கு எதிராக ஓட்டுப் போட்டார். ஆதரித்த இரண்டு பேரில் ஒருவர் மர்தா, பழைய மரைன்.

அதே வருஷம் ஜனாதிபதி வேட்பாளர் கெர்ரி, போர்ச் செலவுக்கான 87 பில்லியன் டாலருக்கு எதிராக ஓட்டுப் போடுவதற்கு முன்னால் அதற்கு ஆதரவாகத்தான் ஓட்டுப் போட்டேன் என்று சொல்லி மாட்டிக்கொண்டார். அந்தக் கட்சி அப்போது இருந்த நிலையை அவர் எவ்வளவு துல்லியமாகச் சொல்லிவிட்டார் என்று எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

தாமிரபரணி

எல்லோரும் அந்த 29 பேரைப் பற்றியே பேசுகிறீர்கள். எதிர்த்த 21 பேரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பால் வெல்ஸ்டோன் மினசோட்டாவில் கடும் போட்டியில் இருந்தார், தேர்தலுக்குச் சில வாரம்தான் பாக்கி. எதிர்த்து ஓட்டுப் போட்டால் தோற்றுவிடுவோம் என்று தெரிந்தே எதிர்த்தார். அக்டோபர் 25 விமான விபத்தில் இறந்துபோனார். ராபர்ட் பேர்டு, அவரை லிபரல் என்று சொன்னால் அவரே சிரிப்பார், 2003 பிப்ரவரியில் செனட்டில் எழுந்து, இந்தச் சபை இவ்வளவு மௌனமாக இருப்பது பயமாக இருக்கிறது என்று பேசினார். ஃப்ளோரிடா பாப் கிரஹாம் புலனாய்வுக் கமிட்டித் தலைவர். சதாமின் ஆயுதங்கள் பற்றிய ரகசிய மதிப்பீட்டை அவர் முழுசாகப் படித்தார், எதிர்த்து ஓட்டுப் போட்டார். அந்த அறிக்கைக்குள்ளேயே, சதாம் வாங்கப்பார்த்த அலுமினியக் குழாய்கள் அணுகுண்டுக்கு இல்லை என்று எரிசக்தித் துறை ஆட்கள் மறுப்பு எழுதி வைத்திருந்தார்கள். பெரும்பாலான செனட்டர்கள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஹிலரியும் முழுசாகப் படிக்கவில்லை, சுருக்கம் கேட்டுக்கொண்டதாகச் சொன்னார். ஒரு வீடு வாங்கும்போது வில்லங்கச் சான்றிதழைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவோமா?

அதற்கும் முன்னால் பார்பரா லீ. 2001 செப்டம்பர் 14, இரட்டைக் கோபுரம் விழுந்து மூன்றாம் நாள். தாக்கினவர்கள் மீது படையை ஏவ ஜனாதிபதிக்கு அதிகாரம் தரும் தீர்மானம், பிரதிநிதிகள் சபையில் 420க்கு 1. அந்த ஒருவர் அவர். செனட்டில் 98க்கு 0. ஆங்கிலத்தில் 60 வார்த்தை கொண்ட ஒரு வாக்கியம், அதை வைத்துக்கொண்டு அப்புறம் வந்த ஜனாதிபதிகள் ஏமன் வரை, சோமாலியா வரை போய்விட்டார்கள். இது கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை என்று அந்த அம்மா அந்த மாதமே சொன்னார், அதற்காகக் கொலை மிரட்டல் வந்து போலீஸ் காவல் போட வேண்டியதாயிற்று.

ஆக எதிர்த்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குக் கட்சியில் மேலே இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

எதிர்க்கடை

தாமிரபரணி மேடம், உங்கள் பட்டியலை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லிபரல்கள் தப்பாகக் கணித்த ஒன்றை ஏன் யாரும் எடுக்கவில்லை? 2007 ஜனவரியில் புஷ் கூடுதலாக 20,000 பேருக்கு மேல் அனுப்பினார். ஹிலரி எதிர்த்தார், ஒபாமா எதிர்த்தார், பைடன் எதிர்த்தார். செப்டம்பரில் தளபதி பெட்ரேயஸ் காங்கிரசுக்கு வந்த அன்று அவர் பெயரைத் துரோகி என்று ஒலிக்கும்படி திரித்து ஒரு லிபரல் அமைப்பு பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் போட்டது. 2008இல் சாவு குறைந்தது. படை போதவில்லை என்று மூன்று வருஷம் கத்தினவர்கள், படை அனுப்பினதும் ஏன் அனுப்புகிறாய் என்று கேட்டார்கள். தோசை வேண்டும் என்று அழுது, வைத்ததும் இட்லி கேட்கிற கதை.

தாமிரபரணி

அந்த விளம்பரம் அசிங்கம், மறுபேச்சே இல்லை. ஆனால் சாவு குறைந்ததற்கு 20,000 பேர் மட்டும் காரணமா? இராக்கின் அன்பார் மாகாணத்தில் சுன்னி இனக்குழுத் தலைவர்கள் 2006இலேயே அல்கொய்தாவுக்கு எதிராகத் திரும்பிவிட்டார்கள். 2007 ஆகஸ்டில் ஷியா ஆயுதக்குழுத் தலைவர் சதர் தன் ஆட்களைச் சண்டையை நிறுத்தச் சொன்னார். பாக்தாத்தில் தெருத் தெருவாக ஷியா, சுன்னி என்று ஏற்கெனவே பிரிந்து முடிந்திருந்தது. படையும் உதவியது, சரி. அந்த அவகாசத்தில் இராக் அரசியல்வாதிகள் சமரசம் செய்துகொள்வார்கள் என்பதுதான் திட்டம். பிரதமர் மாலிகி செய்தாரா? 2014 ஜூனில் மோசூல் நகரம் ஐ.எஸ். கையில் விழுந்தபோது அதற்குப் பதில் கிடைத்தது.

உண்மையான சொதப்பல் 2003 மே மாதம். இராக்கை நிர்வகிக்க அமெரிக்கா அனுப்பிய பிரெமர் வந்த கையோடு 16ஆம் தேதி முதல் உத்தரவு, சதாமின் பாத் கட்சி மேல்மட்டத்தாருக்கு அரசு வேலை கிடையாது. ஒரு வாரத்தில் இரண்டாம் உத்தரவு, இராக் ராணுவத்தையே கலைத்தாயிற்று. துப்பாக்கியோடு இருக்கிற லட்சக்கணக்கான ஆண்களைச் சம்பளம் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று ஒரு கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரியும்.

பழையபேப்பர்

இதோ, நீங்களும் என் வலையில் விழுந்துவிட்டீர்கள் மேடம் 🙂 அந்த இரண்டு உத்தரவும் இல்லாவிட்டால் போர் சரியா?

தாமிரபரணி

இல்லை. ஆனால் செத்தவர்கள் குறைவு. அதை ஏன் நான் சொல்லக்கூடாது? திருடன் வீட்டுக்குத் தீயும் வைத்தான் என்றால் இரண்டுக்கும் வழக்குப் போடலாம் சார். தீயைப் பற்றிப் பேசினால் திருட்டை மன்னித்ததாக அர்த்தம் இல்லை. பார்பரா லீ இரண்டும் பேசலாம். ஹிலரி இரண்டாவதை மட்டும் பேசினால் அங்கே உங்கள் குற்றச்சாட்டு பொருந்தும். யார் பேசுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

வெட்டிப்பேச்சு

இது நல்ல அடி.

சுந்தர்_எடிசன்

நான் இன்னொரு பக்கம் போகிறேன். பேச்சு போர் பற்றி, ஓட்டு தொழிற்சாலை பற்றி. 2020 ஜூலையில், கொரோனா உச்சத்தில், 740 பில்லியன் டாலர் பாதுகாப்பு மசோதாவில் பத்து சதவீதம் வெட்டலாம் என்று இடதுசாரி செனட்டர் சாண்டர்ஸ் செனட்டில் திருத்தம் கொண்டுவந்தார். 23 ஓட்டு ஆதரவு, 77 எதிர்ப்பு. ஜனநாயகக் கட்சியிலேயே பாதிக்கு மேல் எதிர்த்தார்கள். ஏன்? எஃப்-35 விமானத்தின் உதிரிப்பாகம் ஏறக்குறைய எல்லா மாநிலத்திலும் தயாராகிறது, கனெக்டிகட்டில் நீர்மூழ்கிக் கப்பல் கட்டுகிறார்கள். எந்த செனட்டர் தன் ஊர் வேலையை வெட்டுவார்? அவ்வளவு ஏன், அதே சாண்டர்ஸ் எஃப்-35 தன் மாநிலமான வெர்மான்ட்டின் பர்லிங்டன் விமானத் தளத்துக்கு வருவதை ஆதரித்தவர், உள்ளூரில் சத்தம் தாங்கமுடியாது என்று அவர் ஆட்களே எதிர்த்தும்கூட. நான் அவரைக் குறை சொல்லவில்லை, நானும் அப்படித்தான் செய்வேன்.

எதிர்க்கடை

ஒபாமாவை விட்டுவிட்டீர்களே. 2002இல் சிகாகோவில், எல்லாப் போரையும் எதிர்க்கவில்லை, முட்டாள்தனமான போரைத்தான் எதிர்க்கிறேன் என்று பேசிப் பேர் வாங்கினார். அப்போது அவர் மாநில செனட்டர், வாஷிங்டனில் ஓட்டே கிடையாது என்பது வேறு விஷயம். ஜனாதிபதி ஆனதும் புஷ்ஷின் கேட்ஸையே பாதுகாப்பு அமைச்சராக வைத்துக்கொண்டார், 2009 டிசம்பரில் ஆப்கானிஸ்தானுக்கு 30,000 பேர் அனுப்பினார். 2011இல் லிபியா மீது குண்டு. 1973 போர் அதிகாரச் சட்டப்படி 60 நாளுக்குள் காங்கிரசிடம் அனுமதி வாங்கவேண்டும். மே 20 அன்று 60 நாள் முடிந்தது, அனுமதி இல்லை. குண்டு போடுகிறோம், ஆனால் அந்தச் சட்டம் சொல்லும் அர்த்தத்தில் இது சண்டை இல்லை என்று வெளியுறவுத் துறைச் சட்ட ஆலோசகர் ஹெரால்ட் கோ செனட்டில் போய் வாதாடினார். ஜனாதிபதியின் போர் அதிகாரத்துக்குக் கடிவாளம் வேண்டும் என்று யேல் சட்டக் கல்லூரியில் வருஷக்கணக்காகப் பாடம் எடுத்தவர் அவர்.

பழையபேப்பர்

இதில் எனக்கு ஒரு பதிலும் இல்லை, முழுக்க ஒத்துக்கொள்கிறேன். அதே வாதத்தை 2003இல் செய்திருந்தால் அந்த மனிதரே கிழித்துப் போட்டிருப்பார். 2013இல் சிரியாவைத் தாக்குவதற்கு முன்னால் ஒபாமா காங்கிரசிடம் போனார், அது ஒன்று அவர் கணக்கில் வரவு. ஓட்டு கிடைக்காது என்று தெரிந்ததும் குண்டு போடாமல் விட்டார்கள். கேட்டால் கிடைக்காது என்பதற்காகத்தான் சட்டத்தில் கேட்கச் சொல்லியிருக்கிறது!

ஆனால் என் முதல் கேள்விக்கு உண்மையான சோதனை 2021 காபூல், அமெரிக்கப் படை ஆப்கானிஸ்தானை விட்டு வெளியேறியது. இராக்கில் லிபரல் வாதம் என்ன? முடிவும் தப்பு, நடத்தினதும் தப்பு, நடத்தினதைப் பற்றியே அதிகம் பேசுவோம். காபூலில்? வெளியேறும் முடிவு சரி, அதனால் நடத்தினதைப் பற்றி அதிகம் பேசவேண்டாம். ட்ரம்ப் 2020 பிப்ரவரியில் தோஹாவில் தாலிபானோடு ஒப்பந்தம் போட்டுவிட்டுப் போனார் என்பது உண்மை, பைடன் கையைக் கட்டிவிட்டார்கள் என்பதிலும் பாதி உண்மை. ஆனால் 2,500 பேரையாவது வைத்திருக்கலாம் என்று கருதியதாக தளபதிகள் மில்லியும் மெக்கென்ஸியும் செப்டம்பரில் செனட்டில் சத்தியம் செய்து சொன்னார்கள். அப்படி யாரும் எனக்குச் சொன்னதாக நினைவில்லை என்று பைடன் அதற்கு ஒரு மாதம் முன்னால் தொலைக்காட்சியில் சொல்லியிருந்தார். ஷின்செகியைக் கேட்காதது புஷ் ஆட்சியின் பாவம் என்றால், இது என்ன? 2,500 பேரை வைப்பது தப்பு என்பதே என் கருத்தும், தளபதிகள் இருபது வருஷமாக இன்னும் ஒரே ஒரு வருஷம் என்றுதான் கேட்டார்கள். அப்படியானால் "என்னிடம் சொன்னார்கள், நான் கேட்கவில்லை, பொறுப்பு என்னுடையது" என்று சொல்லியிருக்கவேண்டும்.

ஆகஸ்ட் 26 விமான நிலைய வாசலில் குண்டு, 13 அமெரிக்கப் படையினரும் 170 பேரளவு ஆப்கானியரும் போனார்கள். மூன்று நாள் கழித்து, இன்னொரு குண்டு வண்டி என்று நினைத்து அமெரிக்க ட்ரோன் தாக்குதல். தண்ணீர் கேன் ஏற்றின ஒரு வெள்ளைக் கார். 10 பேர், அதில் 7 குழந்தைகள். நியாயமான தாக்குதல் என்று முதலில் மில்லி சொன்னார், செப்டம்பர் 17 அன்று தவறு என்று ஒத்துக்கொண்டார்கள், டிசம்பரில் ஒருவருக்கும் தண்டனை கிடையாது என்று முடித்தார்கள். இதே கார் 2005இல் பாக்தாத்தில் எரிந்திருந்தால் எத்தனை ஊரில் மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பார்கள்?

தாமிரபரணி

அந்தக் காரைத் தோண்டி உண்மையை வெளியே கொண்டுவந்ததும் நீங்கள் லிபரல் என்று சொல்லுகிற அதே பத்திரிகைகள்தான் சார். கட்சியைச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

பழையபேப்பர்

அதுவும் சரி. மூட்டையை அவிழ்த்துவிடுகிறேன்.

சுந்தர்_எடிசன்

கில்லீன்வாசி தம்பி, அந்தக் காலண்டர் அம்மா கணவர் வந்தாரா?

கில்லீன்வாசி

வந்தார் அண்ணே, 2008 ஜனவரி. நவம்பரிலேயே புதுக் காலண்டர் ஒன்று எடுத்து வைத்திருந்தேன், அதை அந்த அம்மா வாங்கிக்கொண்டு போனார்.

அந்த மார்ச்சில் டெக்சஸில் ஜனநாயகக் கட்சி உள்தேர்தல், ஹிலரியா ஒபாமாவா என்று. நான் ஓட்டு இல்லாதவன், வாய் சும்மா இருக்கவில்லை. ஹிலரி அந்தப் போருக்கு ஓட்டுப் போட்டவர் தெரியுமா என்று அவரிடம் கேட்டேன். தெரியும் என்றார். காலையிலேயே போய் ஹிலரிக்குத்தான் போட்டுவிட்டு வருகிறேன் என்றார். ஏன் என்று கேட்க வாய் வந்தது, பின்னால் வரிசையில் மூன்று பேர் நின்றார்கள், சில்லறையைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.